பதினான்கு மாதங்கள் ஒரு ரேடன் அளவியோடு

எங்கள் வீட்டின் பின் படுக்கையறை மலையைச் சரித்து வெட்டிய இடத்தில் நிற்கிறது. அதன் பின்சுவருக்கு வெளியே ஓர் ஆள் உயரத்துக்கு மண் சாய்ந்திருக்கிறது. ஜன்னல் ஒரு பக்கத்தில் மட்டும்தான் உண்டு. இலங்கை மலைநாட்டின் தலவாக்கலைக் குளிரில் இரவு ஏழு மணிக்கு அதை மூடினால் விடியும்வரை யாரும் அதன் பக்கம் போவதில்லை. அந்த அறையில் அம்மா படுக்கிறார். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து, அதே நாற்பது ஆண்டுகளும் விறகடுப்பின் புகையைச் சுவாசித்த நுரையீரல் அவருடையது. பாடசாலையில் உயர்தர மாணவர்களுக்குக் கதிர்த்தொழிற்பாட்டைக் கற்பித்துக்கொண்டே, என் தாய் உறங்கும் அறையில், மண்ணிலிருந்து கசியும் கதிர்வீசும் வாயுவான ரேடன் எவ்வளவு இருக்கிறது என்பதை ஒருநாளும் அளந்து பார்க்காமல் இருந்தேனே என்ற உறுத்தல்தான் இந்தக் கருவியை வாங்க வைத்தது.

வீட்டுப் பாவனைக்கென விற்கப்படும் ரேடன் அளவிகளில் இரண்டு வகைகளை இதுவரை பயன்படுத்தியிருக்கிறேன். ஒன்று, மூன்று சிறிய பற்றரிகளில் இயங்கி, ஒரு நாளின் சராசரியையும் நீண்டகாலச் சராசரியையும் திரையில் மாறி மாறிக் காட்டும் கையடக்கக் கருவி. நண்பர் ஒருவரிடம் ஒரு மாதம் இரவல் வாங்கியது. மற்றது, சிறு குவளை வடிவில் இருக்கும் அயனாக்க அறைக் கருவி. சுவர் மின்சாரத்தில் இயங்கி, ஒவ்வொரு மணிக்குமான அளவைக் கைபேசிச் செயலிக்கு அனுப்புகிறது. தம்பி வெளிநாட்டிலிருந்து வரும்போது கொண்டுவந்து தந்த இந்த இரண்டாவது கருவியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். நான் கண்ட குறைகளில் பெரும்பாலானவை அந்த வகைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானவை என்பதால் தயாரிப்பாளரின் பெயரைக் குறிப்பிடவில்லை. அதன் விலை ஓர் ஆசிரியரின் மாதச் சம்பளத்தில் பெரும்பங்கை விழுங்கிவிடும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கருவியை மதிப்பிடுமுன் அது எதை அளக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். பாறையிலும் மண்ணிலும் கலந்திருக்கும் யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து இரேடியமாகி, இரேடியம் சிதையும்போது ரேடன் பிறக்கிறது. இந்தச் சங்கிலியில் வாயுவாக இருப்பது இது ஒன்றுதான் என்பதால் மண் துகளைவிட்டு வெளியேறி, தரையின் வெடிப்பு வழியாக வீட்டுக்குள் நுழைய இதனால் முடிகிறது. நிறமும் மணமும் இதற்கு இல்லை. இதன் அரைவாழ்வுக் காலம் 3.82 நாட்கள், ஆகவே அறைக்குள் புகுந்தது தானாகச் சிதைந்து மறையும்வரை காத்திருப்பதில் பயனில்லை, காற்றோட்டம்தான் அதை வெளியேற்ற வேண்டும். நுரையீரலுக்குக் கேடு செய்வது பெரும்பாலும் ரேடன் அல்ல. அது சிதைந்து உண்டாக்கும் பொலோனியம் போன்ற திண்மத் துகள்கள் தூசியிலும் புகையிலும் ஒட்டிக்கொண்டு மூச்சுக்குழாயில் படிந்து, அங்கேயே கதிர்வீச்சின் ஒரு வகையான அல்பா துணிக்கைகளை வீசுகின்றன. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1988இலேயே ரேடனை மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் காரணிகளின் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட கைநூல், வீடுகளில் ஆண்டுச் சராசரி ஒரு கன மீற்றருக்கு 100 பெக்கரலுக்குள் (ஒரு பெக்கரல் என்பது விநாடிக்கு ஓர் அணு சிதைவது) இருப்பது நல்லது என்றும், அது இயலாத நாடுகளிலும் 300ஐத் தாண்டக்கூடாது என்றும் சொல்கிறது. நீண்டகாலச் சராசரி ஒவ்வொரு 100 பெக்கரல் உயரும்போதும் நுரையீரல் புற்றுநோய் அபாயம் சுமார் 16 வீதம் கூடுகிறது என்பது ஐரோப்பிய ஆய்வுகளைத் தொகுத்துப் பெற்ற கணக்கு. புகைபிடிப்பவருக்கு இந்த அபாயம் பல மடங்காகிறது.

மலைநாட்டில் வாழ்பவர்களுக்கு இதில் தனி அக்கறை இருக்கவேண்டும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் நம் காலடியில் இருக்கும் பாறை. மத்திய மலைநாட்டின் அடித்தளம் மிகப் பழைய, உருமாறிய பாறைகளால் ஆனது. யுரேனியத்தோடு, அதைப் போலவே கதிர்வீசும் இன்னொரு தனிமமான தோரியமும் அவற்றில் உண்டு. தோரியனைட் என்ற கதிர்த்தொழிற்பாட்டுக் கனிமம் உலகுக்கு அறிமுகமானதே இலங்கையிலிருந்துதான்: 1904இல், அப்போது இந்த நாட்டின் கனிம ஆய்வுப் பணிக்குப் பொறுப்பாக இருந்த ஆனந்த குமாரசுவாமி அதை வெளிக்கொணர்ந்தார். கலை வரலாற்றாசிரியராக நாம் போற்றும் அதே மனிதர்தான். இந்தத் தோரியம் எனக்கு என்ன சிக்கலைக் கொடுத்தது என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

ஆனால் பாறையின் வகையை வைத்துக்கொண்டு ஓர் அறையின் அளவை எதிர்வுகூறிவிட முடியாது. ஒரே தெருவில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வீடுகளுக்கிடையே பல மடங்கு வேறுபாடு இருப்பது உலகெங்கும் அளந்து கண்ட உண்மை. அறைக்குள் மணிக்கு எவ்வளவு ரேடன் நுழைகிறது, மணிக்கு எத்தனை முறை அறையின் காற்று மாறுகிறது என்ற இரண்டு எண்கள் தெரிந்தால்தான் அந்த அறையைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும். ஆகவே ஒரு ரேடன் அளவியை மதிப்பிடும்போது, அது இன்றைய எண்ணைச் சரியாகக் காட்டுகிறதா என்பதோடு நிற்காமல், அந்த இரண்டு எண்களையும் பிரித்தெடுக்க அது உதவுகிறதா என்று பார்க்கவேண்டும் என்பது என் கருத்து. இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கும்போதுதான் மணிக்கணக்கில் பதிவு செய்யும் கருவியின் அருமை விளங்குகிறது.

அதன் உள்ளே இருப்பது சுமார் 200 மில்லிலீற்றர் கொள்ளளவுள்ள ஓர் அறை. காற்று தானாக அதற்குள் பரவுகிறது. ரேடன் அணு ஒன்று உள்ளே சிதைந்து அல்பா துணிக்கையை வீசும்போது காற்று அயனாக்கப்பட்டு ஒரு சிறு மின் துடிப்பு உண்டாகிறது. கருவி அந்தத் துடிப்புகளை எண்ணுகிறது. கன மீற்றருக்கு 100 பெக்கரல் இருக்கும் அறையில், 200 மில்லிலீற்றருக்குள் மணிக்கு ஏறத்தாழ 72 ரேடன் அணுக்கள் சிதையும். எண்ணிக்கை 72 என்றால் தற்செயல் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான எட்டு அல்லது ஒன்பது, அதாவது சுமார் 12 வீதம். மணிக்கணக்கு அளவுக்கு இது போதுமான துல்லியம். கையடக்கப் பற்றரிக் கருவியின் அறை இதைவிட மிகச் சிறியது. அதில் ஒரு மணியில் விழும் எண்ணிக்கை ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும் என்பதால்தான் அது நாள் சராசரியை மட்டும் காட்டுகிறது. இதை அதன் குறையாக நான் கருதவில்லை. இரண்டையும் ஒரே மேசையில் ஒரு மாதம் அருகருகே வைத்தபோது அவற்றின் மாதச் சராசரிகள் 74, 69 என்று நெருங்கியே வந்தன. ஓராண்டுச் சராசரி மட்டும் போதும் என்பவருக்கு மலிவான அந்தக் கருவியே தாராளம். அறையின் நடத்தையை அறிய விரும்புபவருக்கு அது போதாது.

நான் செய்த முதல் அளவீட்டைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் எவரும் தம் வீட்டில் இதைச் செய்து பார்க்கலாம். பிற்பகல் முழுவதும் ஜன்னலையும் கதவையும் திறந்து வைத்துவிட்டு, இரவு ஏழு மணிக்கு மூடினேன். இப்படி ஏழு இரவுகள் செய்து, ஒவ்வொரு மணிக்குமான அளவை ஏழு இரவுகளுக்கும் சராசரி எடுத்தேன். தனி ஓர் இரவின் எண்களை நம்பக்கூடாது. ஏழு மணிக்கு 22 பெக்கரலாக இருந்தது நள்ளிரவில் 89க்கு ஏறியது, காலை ஐந்து மணிக்கு 125க்கு வந்தது. முதல் ஐந்து மணி நேரத்தில் ஏற்றம் 67. அடுத்த ஐந்து மணி நேரத்தில் 36. ஏற்றத்தின் வேகம் இப்படி ஏறத்தாழப் பாதிக்கு விழுந்ததிலேயே நமக்கு வேண்டிய செய்தி இருக்கிறது. ஒவ்வொரு ஐந்து மணி நேரத்திலும் ஏற்றம் அதே விகிதத்தில், அதாவது 0.54 மடங்காக, குறைந்துகொண்டே போகும் என்று கொண்டால், பாடசாலையில் படிக்கும் பெருக்கல் தொடரின் கூட்டுத்தொகை கொண்டே அந்த அறை இறுதியில் எங்கே போய் நிற்கும் என்று கணக்கிடலாம்: 67ஐ 0.46ஆல் வகுத்து, தொடக்கத்தில் இருந்த 22ஐக் கூட்டினால் 167 வருகிறது. அதே விகிதத்திலிருந்து அறையின் காற்று மாறும் வேகமும் கிடைக்கிறது. எங்கள் அறையில் அது மணிக்கு 0.12 முறை. எளிமையாகச் சொன்னால், ஒரு முறை அறையளவு காற்று உள்ளே வந்து வெளியேறுவதற்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அம்மா ஓர் இரவு முழுவதும் பெரும்பாலும் அதே காற்றையே சுவாசிக்கிறார் என்பது இதன் பொருள். அறையின் ஒவ்வொரு கன மீற்றருக்கும் மணிக்கு ஏறத்தாழ 19.5 பெக்கரல் ரேடன் நுழைகிறது என்ற எண்ணையும் அதே கணக்கு தந்தது.

167 என்பது நான் காணாத எண், கணக்கிலிருந்து வந்தது. அது சரியா என்று பார்க்கும் வாய்ப்பு அடுத்த மாதமே கிடைத்தது. பதுளையில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு எல்லோரும் மூன்று நாட்கள் போயிருந்தோம். அந்த அறையை மூடி, கருவியை உள்ளே வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பதிவைத் திறந்தபோது இரண்டாம், மூன்றாம் நாட்களின் சராசரி 161 ஆக இருந்தது. அந்தக் கணத்தில் எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. பத்து மணி நேர அளவீட்டைக் கொண்டு மூன்று நாட்களின் போக்கைச் சொல்ல முடிந்தது. அதற்கு இந்தக் கருவியின் மணிப் பதிவு மட்டுமே போதுமாக இருந்தது.

அடுத்து நடந்தது இன்னும் பயனுள்ளது, ஏனெனில் அங்கே என் எதிர்வுகூறல் பிழைத்தது. அளவைக் குறைக்க எண்ணி, சுவரின் உச்சியில், கூரைக்குச் சற்றுக் கீழே, துவாரமுள்ள இரண்டு சீமெந்துக் கற்களை மேசன் ஒருவரைக் கொண்டு பதித்தேன். புதிய ஏற்றக் கோடு, காற்று மாறும் வேகம் மணிக்கு 0.4க்கு உயர்ந்திருப்பதைக் காட்டியது. நுழையும் ரேடன் பழைய அளவிலேயே இருந்தால், வெளிக்காற்றோடு வரும் சிறிதளவையும் சேர்த்து, அறை 58இல் வந்து நிற்க வேண்டும். நின்றதோ 95இல். கருவி பழுதாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டுக்கு வெளியே இஸ்தோப்பில் ஒரு நாள் வைத்துப் பார்த்தேன், பத்துக்கும் பதினைந்துக்கும் இடையில் ஒழுங்காகக் காட்டியது. பிழை என் அனுமானத்தில் இருந்தது. இரவில் அறைக்குள் இருக்கும் காற்று வெளிக்காற்றைவிட வெப்பமானது; மேலே துவாரம் கிடைத்ததும் அது அந்த வழியே வெளியேறுகிறது; வெளியேறிய காற்றுக்கு ஈடாகக் கீழிருந்து காற்று வரவேண்டும்; கதவின் அடி இறுக்கமாக இருந்ததால், தரைக்கும் பின்சுவருக்கும் இடையிலிருந்த வெடிப்பின் வழியே மண்ணுக்குள் இருந்த காற்றையே அறை உறிஞ்சியது. கணக்கைத் திருப்பிப் போட்டபோது நுழையும் ரேடன் ஒன்றே முக்கால் மடங்காகியிருந்தது தெரிந்தது. கதவின் அடியை ஒன்றரை அங்குலம் வெட்டி, ஜன்னல் சட்டத்தின் கீழ்ப்பகுதியிலும் ஒரு சிறு திறப்பு வைத்தோம். காற்று மாறும் வேகம் 0.6க்குப் போனது. இம்முறை எதிர்வுகூறிய எண் 42. கருவி காட்டியது 45.

இந்த ஒரு பாடத்துக்காகவே கருவிக்குக் கொடுத்த பணம் தகும் என்பேன். காற்றோட்டம் என்று சொல்லி மேலே மட்டும் துவாரம் வைப்பது மலையோரம் கட்டிய வீடுகளில் பாதி மருந்துதான். கீழேயும் வெளிக்காற்று நுழைய வழி வைக்க வேண்டும். தோட்டங்களில் தனி வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கும் காலம் இது. சரிவை வெட்டிச் சமப்படுத்திய இடங்களில், பின்சுவர் மண்ணை ஒட்டி நிற்கும்படி கட்டப்படும் வீடுகளை நான் நாள்தோறும் பாடசாலைக்குப் போகும் வழியில் பார்க்கிறேன். அஸ்திவாரம் போடும்போதே தரைக்கும் சுவருக்கும் இடையிலான மூட்டை இறுக்கமாகப் பூசுவதற்குச் சில மணி நேர வேலையும் கொஞ்சம் சீமெந்துமே தேவை.

இனிக் கருவியின் குறைகளுக்கு வருகிறேன். அவற்றில் முதன்மையானது ஈரப்பதன். 80 வீதத்துக்கு மேற்பட்ட ஈரப்பதனில் பயன்படுத்த வேண்டாம் என்று அதன் கைநூல் சொல்கிறது. தென்மேல் பருவமழைக் காலத்தில், ஆனி ஆடி மாதங்களில், மூடுபனி வீட்டுக்குள்ளேயே நடமாடும் இந்த ஊரில் அந்த எல்லைக்குள் நிற்பது பெரும்பாடு. அப்படிப்பட்ட இரவுகளில் அளவு காரணமில்லாமல் 40க்கும் 140க்கும் இடையே தாவியது. ஈரப்பதன் அளவி ஒன்றை அருகில் வைத்து, எல்லையைத் தாண்டிய மணிகளையெல்லாம் கணக்கிலிருந்து நீக்கினேன். அதனால் இரண்டு மாதங்களில் பயன்படுத்தத் தக்க இரவுகள் பத்துக்குள் சுருங்கிவிட்டன. இது சிறிய குறையல்ல. மழைக்காலத்தில்தான் வீடுகள் இறுக மூடப்படுகின்றன. சுற்றியுள்ள மண் நீரால் அடைபட்டு, வீட்டின் கீழே உலர்ந்திருக்கும் மண்ணின் வழியே வாயு மேலெழுவதும் அப்போதுதான். அதிகம் அளக்க வேண்டிய பருவத்திலேயே கருவி தடுமாறுகிறது.

இரண்டாவது குறை மின்சாரம். உள்ளே பற்றரி இல்லாததால் மின்வெட்டு வந்தால் கருவி நின்றுவிடுகிறது. மின்சாரம் மீண்ட பின் முதல் ஒரு மணி நேர அளவை நம்ப முடியாது. இணைய ரவுட்டருக்கென்று கடைகளில் விற்கும் 12 வோல்ட் சிறு மின்சேமிப்புப் பெட்டியை இதற்குப் பொருத்திய பிறகு அந்தத் தொல்லை ஓய்ந்தது.

மூன்றாவது, செயலி. முழுவதும் ஆங்கிலம். அதோடு, அமெரிக்கர் பயன்படுத்தும், லீற்றருக்கு இத்தனை பிக்கோகியூரி என்ற அலகில் தொடங்குகிறது. அதை 37ஆல் பெருக்கினால்தான் கன மீற்றருக்கான நம் பெக்கரல் வரும். அலகை மாற்றும் வசதி அமைப்புகளுக்குள் புதைந்து கிடக்கிறது. வாங்கிய இரண்டாம் வாரம், பின்னிரவில் கருவி திடீரென்று கத்தத் தொடங்கியது. அம்மா பயந்து எழுந்து, வீடு தீப்பிடித்துவிட்டது என்று எண்ணி என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். பனியில் வெறுங்காலோடு நின்ற அவரை உள்ளே அழைத்துவந்து பார்த்தபோது, அமெரிக்காவில் நடவடிக்கை எடுக்கச் சொல்லும் எல்லையான 4 பிக்கோகியூரியில், அதாவது 148 பெக்கரலில், எச்சரிக்கை ஒலி முன்னமைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. ஒரு மணி நேர அளவுக்கு இப்படி ஒலி எழுப்புவது தவறு. ரேடன் இன்றிரவு ஒருவரை வீழ்த்தும் நஞ்சல்ல; பல ஆண்டுகளின் சராசரிதான் கேடு செய்கிறது. விடியற்காலையில் உச்சத்துக்கு ஏறிப் பிற்பகலில் இறங்குவது மூடிய அறைகளின் இயல்பு. வாங்குபவர்கள் முதலில் செய்யவேண்டிய வேலை அந்த ஒலியை நிறுத்துவது.

நான்காவது குறையைக் கண்டுபிடித்தது கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கும் அத்தையின் லயக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, ஒரு கதவு, பலகை அடித்த ஒரு சிறு ஜன்னல், கருங்கல்லும் களிமண்ணுமாக எழுப்பிச் சுண்ணாம்பு பூசிய சுவர். இங்கே அளவு மிக உயர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். கருவியைச் சுவரில் சாய்ந்திருந்த பெட்டியின் மேல் வைத்தபோது முதல் இரவில் 110 காட்டியது. மறுநாள் அத்தை அந்தப் பெட்டியைத் திறக்கவேண்டியிருந்ததால், கருவியை அறையின் நடுவே, கட்டிலின் கால்மாட்டில் ஒரு முக்காலிமேல் நகர்த்தி வைத்தார். அன்றிரவு 38. மூன்றாம் இரவு மீண்டும் சுவரோடு வைத்தேன்: 104. ஒரே அறையில் ரேடன் இப்படி இடத்துக்கிடம் மாறாது; நாட்கணக்கில் வாழும் வாயு அறை முழுவதும் கலந்துவிடும். மாறியது தோரன். தோரியத்திலிருந்து பிறக்கும் இந்த உடன்பிறப்பு வாயுவின் அரைவாழ்வுக் காலம் 56 விநாடிகள்கூட இல்லை என்பதால், மண் சுவரிலிருந்து வெளிப்பட்டு ஓரிரு சாண் தூரம் போவதற்குள் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது. கருவியால் ரேடனையும் தோரனையும் பிரித்தறிய முடியாது. இரண்டையும் ஒரே எண்ணாகக் கூட்டிக் காட்டிவிடுகிறது. தோரியம் மிகுந்த நம் நாட்டில், மண் சுவர் வீடுகளில், இது பெரிய பிழைக்கு இடமளிக்கும். கைநூல் சுவரிலிருந்து தள்ளி வைக்கச் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. குறைந்தது ஒரு முழம், முடிந்தால் ஒரு மீற்றர் தள்ளி, தரையிலிருந்து கட்டில் உயரத்தில், கதவுக்கும் ஜன்னலுக்கும் நேராக இல்லாமல் வைக்க வேண்டும். தலையைச் சுவரோடு ஒட்டிப் படுப்பவர்கள் கட்டிலைச் சற்று நகர்த்திப் போடுவதும் நல்லது.

38 என்ற எண்ணும் என்னைத் திருத்தியது. ஜன்னல் சிறியது என்பதால் காற்றோட்டம் குறைவு என்று முடிவு கட்டியிருந்தேன். கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் இடையே, கை நுழையும் அளவுக்கு நீளவாக்கில் கிடந்த இடைவெளியைக் கணக்கில் எடுக்கவில்லை. ஏற்றக் கோட்டின்படி அந்தக் காம்பராவின் காற்று மணிக்கு முக்கால் முறை மாறுகிறது. சீமெந்துக் கூரையிட்ட எங்கள் அறை முதலில் இருந்த நிலையைவிட ஆறு மடங்கு. ஆனால் அத்தை சொன்னார்: "பனிக்காலத்துக்குப் பொலித்தீன் அடிச்சிருவோம்ப்பா, இல்லாட்டி ராத்திரி பல்லு கிட்டிப்போகும்." மார்கழியில் அந்த இடைவெளியைப் பொலித்தீனால் அடைத்த பிறகு மீண்டும் கருவியைக் கொண்டுபோனேன். காற்று மாறும் வேகம் 0.2க்கு விழுந்தால் அறை சுமார் 115இல் நிற்கும் என்று முன்கூட்டியே குறித்துவைத்திருந்தேன். முக்காலியின் மேல் வைத்த கருவி 120 காட்டியது. பொலித்தீனை எடுத்துவிடுங்கள் என்று அத்தையிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குளிரைத் தாங்குவது அவர்தான். அடுப்புக்கு எதிர்ப்பக்கத்தில் மேலே ஓர் அடியும், கதவின் அடியில் ஒரு விரற்கடையும் மட்டும் விட்டு மற்றதை அடைத்தோம். அதன் பின் 60க்கும் 70க்கும் இடையில் நின்றது. உண்மையைச் சொன்னால், அந்த வீட்டில் ரேடனைவிட அடுப்புப் புகையே பெரிய பகை. புகை வெளியேற வைத்த திறப்பு ரேடனையும் வெளியேற்றியது என்பதில்தான் எனக்கு அதிக நிறைவு.

ஆகவே இதை யார் வாங்கலாம்? ஒரு வீட்டுக்கென்று ஒன்று வாங்கும்படி நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஓர் அறையின் இரண்டு எண்களைத் தெரிந்துகொள்ள இரண்டு வாரங்கள் போதும். அதன் பின் அந்தக் கருவி அந்த வீட்டில் வெறுமனே எண்களைக் காட்டிக்கொண்டிருக்கும். ஒரு பாடசாலை, ஒரு சனசமூக நிலையம், ஒரு தோட்டத்து மக்கள் சேர்ந்து ஒன்று வாங்கி, வீடு வீடாகச் சுற்றுக்கு விட்டால் பல வீடுகளை அளந்துவிடலாம். ஈரமான மாதங்களைத் தவிர்த்து, மாசி, பங்குனி மாதங்களின் வறண்ட இரவுகளைப் பயன்படுத்துவது சிறந்தது. ஊவாப் பக்கத்தில் இருப்பவர்கள் கச்சான் காற்று வீசும் மாதங்களைத் தேர்ந்துகொள்ளலாம், ஆனால் பலத்த காற்று வீசும் இரவில் எந்த வீடும் தன் இயல்பைவிடக் குறைவாகவே காட்டும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பழைய கருவியை இரண்டாம் கையாக வாங்குவதை நான் விரும்பவில்லை; அளவுத்திருத்தம் எப்போது செய்யப்பட்டது என்பது தெரியாத கருவியின் எண்ணைக் கொண்டு ஒருவரின் வீட்டைப் பற்றிப் பேசுவது நியாயமல்ல. புகைபிடிப்பவர் யாராவது வீட்டில் இருந்தால், கருவிக்குச் செலவழிக்குமுன் அவர் அந்தப் பழக்கத்தை விடுவதற்குத் துணைநிற்பது பன்மடங்கு பயன்தரும்.

கருவி இப்போது எங்கள் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் இருக்கிறது. தாய்மார்கள் மலைக்குப் போகும் காலை ஆறரை மணியிலிருந்து பிற்பகல்வரை பதினேழு குழந்தைகள் அங்கே தொட்டிலிலும் பாயிலுமாக உறங்குகிறார்கள். இரவெல்லாம் மூடிக்கிடக்கும் கட்டடத்தைக் காலையில் திறந்தவுடனேயே குழந்தைகளை உள்ளே விடுகிறார்கள். ஐந்து இரவுகளின் பதிவு கையில் இருக்கிறது. ஆறு மணிக்கே கதவையும் எதிர் ஜன்னலையும் திறந்து வைத்தால், குழந்தைகள் வரும் நேரத்துக்குள் அளவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும் என்று கணக்குச் சொல்கிறது. பொறுப்பாக இருக்கும் அக்கா வரும் திங்கட்கிழமை முதல் அரை மணி நேரம் முன்னதாக வந்து திறப்பதாகச் சொல்லியிருக்கிறார். எதிர்வுகூறிய எண்ணை மடுவத்தின் வரவுப் பதிவேட்டின் பின்பக்கத்தில் எழுதித் திகதியிட்டு வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை பாடசாலைக்குப் போகும் வழியில் இறங்கிப் பார்ப்பேன்.